சுவிஸ் போகும் கும்பகோணம் வாசகிக்கு: ரைஸ் குக்கர் வேண்டாம், புளிக்காய்ச்சல் போதும்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, வயது 63. வரும் மே மாதம் பேத்தியின் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போக ஆசை. நான், கணவர் (68 வயது, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர்), மகள், மருமகன், 9 வயதுப் பேத்தி என்று ஐந்து பேர். விசாரித்த இடத்தில் '11 நாளில் 6 நாடு' என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். நாங்களாகவே சுவிஸ் மட்டும் போய்வர முடியுமா? யூரோ வாங்க வேண்டுமா? என் தம்பி 2012-ல் போய்வந்தபோது மீந்த 150 ஃபிராங்க் தந்திருக்கிறான், அது செல்லுமா? நாங்கள் சுத்த சைவம். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா? பேத்திக்குப் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம், மே மாதத்தில் பனி இருக்குமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்:

அம்மா, வணக்கம். கணக்கு டீச்சர் நீங்கள், நீங்களே வகுத்துப் பாருங்கள். 11 நாளில் விமானத்துக்குப் போகும் இரண்டு நாளைக் கழித்தால் 9. அதை ஆறு நாட்டுக்குப் பங்கு போட்டால் ஒரு நாட்டுக்கு ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளிலும் பாதி பஸ்ஸுக்குள்ளே போய்விடும். காலை ஆறரைக்குப் பெட்டியை வாசலில் வை, ஏழு மணிக்குக் காலை உணவு, எட்டு மணிக்கு பஸ். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், நானும் அப்படிப்பட்ட பேக்கேஜ்களை விற்றவன்தான். சாப்பாட்டுக் கவலை இல்லை, விசாவுக்குக் கூட ஆள் உண்டு என்பதால் சிலருக்கு அது சரிப்படும். ஆனால் ஸ்டென்ட் வைத்த ஒருவரும் ஒன்பது வயதுக் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

நீங்களாகவே போகலாம். ஐரோப்பாவில் தனியாகப் போய்வர எளிதான நாடு எது என்று என்னைக் கேட்டால் சுவிஸ் என்றுதான் சொல்வேன். விலைதான் அதிகம். அந்தச் செலவிலும் பெரும்பகுதி ஊர் ஊராகப் பெட்டி தூக்குவதிலும், மேகம் மூடிய மலைக்கு டிக்கெட் எடுப்பதிலும்தான் கரைகிறது. அதனால் என் யோசனை இரண்டே இரண்டு. இரண்டு ஊரில் மட்டும் தங்குங்கள், மலைக்கு மட்டும் முன்கூட்டி டிக்கெட் எடுக்காதீர்கள்.

முதல் நான்கு இரவு லூசெர்ன். சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், மாறாமல் போகும் ரயிலே உண்டு. அடுத்த ஐந்து இரவு இன்டர்லாக்கன் பக்கம். இன்டர்லாக்கனிலேயே தங்கலாம், அல்லது அதை ஒட்டிய வில்டர்ஸ்வில் கிராமத்தில் தங்கலாம், அங்கே கொஞ்சம் அமைதியாக இருக்கும். லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு புரூனிக் கணவாய் வழியாக இரண்டு மணி நேர ரயில். ஏரி, காடு, பள்ளத்தாக்கு என்று ஜன்னலிலேயே ஊர் பார்த்த மாதிரி ஆகிவிடும். நாடு சின்னது. சூரிக்கிலிருந்து தலைநகர் பெர்ன் ஒரு மணி நேரத்துக்குள், இன்டர்லாக்கனிலிருந்து பெர்ன் ஐம்பது நிமிடம் சொச்சம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், பெட்டியைத் தொட வேண்டியதில்லை.

மே மாதத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பார்க்கிற பச்சை மலை, மாட்டு மணி, மலைமேல் நடைபாதை எல்லாம் ஜூன் பாதிக்கு மேல்தான். மே மாதத்தில் உயரமான கணவாய்ச் சாலைகள் பல பனியால் மூடியே இருக்கும். குளிர்கால ஓட்டம் முடிந்து கோடை ஓட்டம் தொடங்கும் முன் சில ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள். நீங்கள் நினைத்திருக்கும் மலையின் இணையதளத்தில் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பார்த்த பிறகே திட்டம் போடுங்கள். அதற்கு ஈடாக மே மாதம் தருவது அருவி. பனி உருகும் காலம் என்பதால் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கப் பாறையிலிருந்தும் தண்ணீர் கொட்டும். மொத்தம் 72 அருவி என்று ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். ஊருக்கு மேலேயே விழும் ஸ்டௌபாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். அதே பள்ளத்தாக்கில் டிரும்மெல்பாக் என்று மலைக்குள்ளேயே விழும் அருவி ஒன்று இருக்கிறது. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரௌ என்ற மூன்று மலைகளின் பனியாற்று நீர் பாறையைக் குடைந்துகொண்டு இறங்குகிறது. நீர் அதிகமான நாட்களில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறைக்குள் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் படிகளும் ஈரமும் உண்டு. ஐயாவுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

பேத்தியின் பனிக்கு வருவோம். பனி நிச்சயம், ஆனால் அதைத் தேடி மேலே போக வேண்டும். எல்லாரும் முதலில் சொல்வது யுங்ஃப்ரௌயோக். 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம், ஐரோப்பாவிலேயே உயரமானது. 1912-ல் திறந்தார்கள். ஐகர் மலையைக் குடைந்து, மலைக்குள்ளேயே ரயிலை ஏற்றியிருக்கிறார்கள். 2020 டிசம்பரிலிருந்து அடிவாரத்து கிரிண்டல்வால்ட் கிராமத்திலிருந்து ஒரு ரோப் காரும் ஓடுவதால் நேரம் குறைந்துவிட்டது. நேரம் குறைந்ததுதான் உங்களுக்குக் கவலை. கும்பகோணத்து உடம்பு ஒரே காலையில் மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் தலை லேசாகச் சுற்றும், மூச்சு வாங்கும். இளவட்டங்களுக்கே அப்படி. ஐயா போகலாமா என்பதை அவருடைய இதய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள், என்னைப் போன்றவன் சொல்லும் பதிலை நம்பாதீர்கள். மருத்துவர் தலையாட்டினாலும், மேலே இறங்கியதும் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அப்புறம் மெல்ல நடக்கட்டும்.

அவர் வேண்டாம் என்றால் மகள், மருமகன், பேத்தி மூவரும் மேலே போய்வரட்டும். நீங்கள் இருவரும் அன்று ம்யூரன் போங்கள். 1,638 மீட்டரில் கார் நுழையாத ஒரு கிராமம். பாறை விளிம்பில் பெஞ்ச் போட்டிருக்கும், எதிரே அதே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரௌ மூன்றும் வரிசையாக நிற்கும். யுங்ஃப்ரௌயோக் மேலே போனால் மூன்றும் இப்படி வரிசையாகத் தெரியாது, அவற்றுக்கு நடுவிலேயே நிற்கிறீர்களே! மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம்தான் போக வேண்டும். எனக்குக் கேட்டால் ம்யூரன்தான்.

முன்கூட்டி டிக்கெட் எடுக்காதீர்கள் என்றேனே, அது என் காசில் கற்ற பாடம். ஒரு குடும்பத்துக்கு நல்ல எண்ணத்தோடு இரண்டு மாதத்துக்கு முன்பே யுங்ஃப்ரௌயோக் தேதி போட்டுக் கொடுத்தேன். அன்று மேலே முழுக்க மேகம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். பனி கையில் கிடைத்தது, மலை கண்ணில் படவில்லை. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினார்கள். இப்போது எல்லா மலைக்கும் நேரலை கேமரா இருக்கிறது, ஹோட்டல் டிவியிலும் காலையில் வரிசையாகக் காட்டுவார்கள். ஐந்து இரவு அங்கே தங்கச் சொன்னதே இதற்காகத்தான். ஐந்தில் ஒரு காலையாவது தெளிவாக விடியும். எழுந்ததும் பாருங்கள், தெளிவாக இருந்தால் கிளம்புங்கள், இல்லாவிட்டால் அன்று பெர்ன்.

லூசெர்னில் தங்கும்போது ரிகி மலை. ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் 1871-ல் இந்த மலையில்தான் ஓடியது. லூசெர்னிலிருந்து படகில் ஒரு மணி நேரம் ஏரியில் போய் விட்ஸ்னௌவில் இறங்கினால், படகுத்துறைக்கு எதிரிலேயே ரயில். உச்சியே 1,798 மீட்டர்தான், நம் ஊட்டியை விட உயரம் குறைவு. ஐயா தாராளமாக வரலாம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் படகு, மலை ரயில் இரண்டும் அதிலேயே அடக்கம்.

அந்தப் பாஸைப் பற்றி. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் என்பது 3, 4, 6, 8, 15 என்ற நாள் கணக்கில் வரும். அந்த நாட்களில் நாடு முழுவதும் ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம் எல்லாம் ஏறி இறங்கலாம், 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நுழைவு உண்டு. ரிகியும் ம்யூரனும் அதில் சேர்த்தி. யுங்ஃப்ரௌயோக் சேராது. கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி போனாலும் ஆளுக்கு 100 ஃபிராங்குக்கு மேல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதம் செல்லும், எதை எடுத்தாலும் ஏறக்குறைய பாதி விலை, யுங்ஃப்ரௌயோக்குக்கும் பாதி. தினமும் ஒரு பெரிய மலை ஏறுகிறவர்களுக்கு இது லாபம். படகு, ரயில், ஊர் சுற்றல் என்று போகிறவர்களுக்குப் பாஸ் லாபம், ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்கிற தலைவலியும் கிடையாது. உங்களுக்கு நான் பாஸ்தான் சொல்வேன். பத்து நாளுக்கு 8 நாள் பாஸும் இரண்டு நாள் தனி டிக்கெட்டுமா, இல்லை 15 நாள் பாஸா என்பதை வாங்கும் அன்றைய விலையை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். பேத்திக்குக் காசே இல்லை. பெற்றோர் பாஸ் வாங்கும்போது ஃபேமிலி கார்டு கேட்டால், 16 வயது நிறையாத பிள்ளைகள் அவர்களோடு இலவசமாகப் போகலாம். பெற்றோரோடுதான், தாத்தா பாட்டியோடு மட்டும் போனால் அந்தக் கார்டு செல்லாது. ஒருநாள் பேத்தியை நீங்கள் தனியாகக் கூட்டிப்போவதாக இருந்தால் அவளுக்குத் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ரயில் நிலையத்தில் கேட் கிடையாது, யாரும் தடுக்கமாட்டார்கள், நேரே ஏறலாம். அதனால் டிக்கெட் வேண்டாம் போல என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் ரயிலில் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லையென்றால் குறைந்தது 90 ஃபிராங்க் அபராதம், கூடவே கட்டணமும். பெட்டியின் மேல் பெரிதாக 1, 2 என்று எழுதியிருக்கும், உங்களுடையது 2. சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியை மருமகன் போனில் போட்டுக்கொள்ளட்டும். எந்த நடைமேடை, எங்கே மாறுவது, எத்தனை நிமிடம் இடைவெளி எல்லாம் அதில் வரும். இடைவெளி ஆறு நிமிடம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம், ஆறு நிமிடம் போதும். ஒரு வண்டி வந்து சேரவும் அடுத்தது கிளம்பவும் பொருந்துகிற மாதிரியேதான் 1982-லிருந்து அட்டவணை போடுகிறார்கள்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று. இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் நிற்கும் மலை ரயில் ஒன்றுதான், ஆனால் அது பாதி வழியில் ஸ்வைலூட்சினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. முதல் தடவை போனபோது ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் எதையும் பார்க்காமல் உட்கார்ந்து, அருவி பார்க்கக் கிளம்பியவன் கிரிண்டல்வால்டில் போய் இறங்கினேன். பெட்டியின் வெளியிலும் நடைமேடைப் பலகையிலும் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று போட்டிருக்கும். ஐந்து பேரும் ஒரே பாதியில் ஏறுகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, நாணயம் சுவிஸ் ஃபிராங்க். யூரோவைச் சில கடைகளில் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் சொல்வதுதான் விகிதம், மீதி ஃபிராங்கில்தான் வரும். அதனால் யூரோ வேண்டாம். ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றிவைக்கும் கார்டில், ஃபிராங்கே ஏற்றுங்கள், கையில் 200 அல்லது 300 ஃபிராங்க் ரொக்கம் போதும். கார்டு தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயில் கட்டவா, ஃபிராங்கில் கட்டவா' என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நம் ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும், அமுக்கிவிடாதீர்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம். ஃபிராங்க் என்றே அமுக்குங்கள்.

தம்பி தந்த 150 ஃபிராங்க் கடையில் செல்லாது. ஆனால் வீணும் இல்லை. 2016-லிருந்து புது வரிசை நோட்டுகள் வந்தன, பழைய வரிசையை 2021 ஏப்ரலோடு புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடையாளம் சுலபம்: நோட்டில் மனித முகம் இருந்தால் பழையது, கை இருந்தால் புதியது. பழையதை பெர்ன் அல்லது சூரிக்கில் உள்ள சுவிஸ் தேசிய வங்கியின் கவுண்டரில் கொடுத்தால் முழு மதிப்புக்கும் புது நோட்டு தருவார்கள், அதற்குக் காலக்கெடு இல்லை. பெர்ன் போகும் நாள் வேலை நாளாக இருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். காசுகள் இருந்தால் அவை இப்போதும் செல்லும்.

விசாவை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, எனவே ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நம் பள்ளி விடுமுறைக்காக ஏப்ரல், மே மாதத்துக்குக் கூட்டம் அதிகம், சந்திப்பு நேரம் கிடைப்பதுதான் பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, பேத்திக்கு 45, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எல்லாம் ரூபாயில்தான் கட்டுவீர்கள். 12 வயது நிறையாததால் பேத்திக்குக் கைரேகை தேவையில்லை. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், திரும்பிய பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். உங்கள் ஓய்வூதியக் கணக்கு விவரமே நல்ல ஆதாரம், அதை மறைக்காமல் வையுங்கள். விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முன்னால் யாரிடமோ கடன் வாங்கி வங்கியில் பெரிய தொகை போடுவது வேண்டாம், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். இறங்கும்போது பழையபடி முத்திரை குத்துவதற்குப் பதிலாக, 2025 அக்டோபரில் தொடங்கிய கணினிப் பதிவு முறையில் முகத்தைப் படம் எடுத்துக்கொள்வார்கள். வரிசை நீளலாம்.

பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்காவது இருக்க வேண்டும் என்பது விசா விதி. ஆனால் ஐயாவுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது தொகையை இல்லை. ஏற்கெனவே உள்ள இதய நோயால் ஏதாவது ஆனால் செலவைத் தருமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மலிவான காப்பீடுகளில் பெரும்பாலும் அது இருக்காது. அங்கே ஆஸ்பத்திரிச் செலவு நம் கற்பனைக்கு அப்பாற்பட்டது. மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டின் நகலோடு, கைப்பையில் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 144, போலீஸுக்கு 117. எதுவும் நினைவில் இல்லாவிட்டால் 112.

சாப்பாடு, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. சூரிக்கில் 1898-லிருந்து நடக்கும் ஹில்ட்ல் என்ற சைவ உணவகம் இருக்கிறது, உலகிலேயே பழைய சைவ உணவகம் என்று கின்னஸில் ஏறியது. பெரிய ஊர்களில் திபிட்ஸ் என்ற சைவ பஃபே கடையும் உண்டு. தட்டில் எடுத்ததை எடைபோட்டுக் காசு வாங்குவார்கள், அங்கே ரசம் சாதம் கணக்கில் தட்டை நிரப்பிவிடாதீர்கள். சாதாரண உணவகத்தில் ஒரு சைவத் தட்டு 20, 25 ஃபிராங்க் ஆகும். மதியம் இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். 'சுத்த சைவம்' என்பதில் அவர்களுக்கும் நமக்கும் மூன்று இடத்தில் வேறுபாடு உண்டு. கிரூயேர் போன்ற பாரம்பரியச் சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டு உறைய வைக்கிறார்கள். ஃபாண்டூ என்ற உருக்கிய சீஸில் வெள்ளை ஒயின் கலப்பார்கள். ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு அடையில் சில சமயம் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்கள். மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆகவே ஹோட்டலைவிட, சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். ஐந்து பேருக்கு அதுதான் வசதி, காசும் குறையும். அரிசி, காய்கறி, தயிர், பால் எல்லாம் மிக்ரோஸ், கோப் என்ற இரண்டு கடைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரே அடைத்துவிடும். பெரிய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ள கடைகள்தான் கதி. மே மாதத்தில் சில வருடங்களில் இயேசு விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள் என்று இரண்டு விடுமுறையும் வரும். நீங்கள் இறங்கும் நாள் ஞாயிறாக இருந்தால் சூரிக் விமான நிலையத்திலேயே பாலும் தயிரும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

ஊரிலிருந்து எதை எடுத்துப் போகக் கூடாது என்பது முக்கியம். நெய், பனீர், பால்கோவா, பால் பவுடர் எதுவும் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, மாம்பழமும் கூடாது. பழம், காய், இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. விதியை எழுதியவருக்கு நம் ஊர்ப் பூஜைத் தட்டு தெரியும் போலிருக்கிறது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், ரசப்பொடி தாராளமாகப் போகும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. அங்கே பிளக் ஓட்டை அறுகோணக் குழிக்குள் இருக்கும். நம் கடைகளில் 'யூரோப் அடாப்டர்' என்று தரும் தடித்த வட்டமான அடாப்டர் அதற்குள் நுழையாது. 'சுவிஸ்' என்று கேட்டு வாங்குங்கள். மெலிதான, இரண்டு உருண்டை முள் உள்ள போன் சார்ஜர் நேரே நுழையும். சிம் வாங்கும்போது 'ஐரோப்பா முழுவதும்' என்று சொல்லும் சில சிம்கள் சுவிஸில் வேலை செய்யாது, பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குடிதண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரும் தெருவோர நீரூற்றும் குடிக்க ஏற்றவை. சூரிக்கில் மட்டும் 1,200 நீரூற்று இருக்கிறது. குடிக்கக் கூடாத இடத்தில் பலகை வைத்திருப்பார்கள். ரயில் நிலையக் கழிப்பறைக்கு ஒன்றிரண்டு ஃபிராங்க் கேட்கும், ரயிலுக்குள் இலவசம். தண்ணீர் வசதி எங்கும் இருக்காது, ஒரு காலி பாட்டில் கைப்பையில் இருக்கட்டும். அபார்ட்மென்டில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, அதை ரொம்பக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அப்புறம், தங்கும் இடத்தில் விருந்தினர் அட்டை கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் அதைக் காட்டினால் உள்ளூர் பஸ் இலவசம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கும்பகோணத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். பெர்னில் யூரோப்பாபிளாட்ஸ் என்ற இடத்தில் சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் 2014 டிசம்பரில் திறந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த ஆலயம், அலெவி என்ற சமயப் பிரிவினரின் வழிபாட்டிடம், நம் சைவக் கோயில். அந்தக் கோயில் 1980-களிலிருந்து அடைக்கலம் தேடிப்போன ஈழத்தமிழர்கள் எழுப்பியது. கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளே போனால் திடீரென்று விபூதி வாசனை. பெர்ன் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடம்தான், உங்கள் பாஸே போதும். பூஜை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். கடையில் பக்கத்தில் நிற்பவர் 'எங்கயிருந்து வாறியள்?' என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஜெனிவாவில் அணுத்துகள் ஆய்வு மையத்தில் 2004-ல் இந்திய அரசு தந்த இரண்டு மீட்டர் நடராஜர் சிலையும் இருக்கிறது. ஆனால் அது வளாகத்துக்கு உள்ளே, நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது. அதற்காக மட்டும் ஜெனிவா வரை போக வேண்டாம்.

ரைஸ் குக்கர்: அபார்ட்மென்டில் அடுப்பும் பாத்திரமும் இருக்கும், தேவையே இல்லை. ஹோட்டல் அறையில் வைத்தால் ஆவி போய்ப் புகை எச்சரிக்கைக் கருவியை எழுப்பிவிடும், தீயணைப்பு வண்டி வந்தால் அதன் செலவை உங்களிடம் கேட்பார்கள். குக்கரை வீட்டிலேயே வையுங்கள். அந்த இடத்தில் ஐயாவுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டரும் பேத்திக்குத் தண்ணீர் ஊறாத கையுறையும் போகட்டும். புளிக்காய்ச்சல் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். கைப்பையில் வைத்தால் சென்னை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.